பைப் மாத்துறது யார் வேலை?

பழைய வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது புதுசா இருக்காது. காலையில் குழாயைத் திறந்தால் முதல் அரை வாளி டிகாஷன் கலரில் வரும். எங்க வீட்டில் அம்மா அதை பாத்ரூம் கழுவத் தனியா பிடித்து வைப்பாங்க.

காரணம், சுவருக்குள் இருக்கும் ஜி.ஐ. பைப். இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசியது. வருஷக்கணக்கில் அந்தப் பூச்சு கரைந்ததும் இரும்பு துருப்பிடித்து, உள்ளே கட்டி கட்டியா அடைக்கும். உள்விட்டம் பாதியானால் தண்ணீர் போகிற வழி கால்வாசிதான். டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும் ஷவரில் சொட்டுவது இதனால்தான்.

ஓனரிடம் சொன்னால் பிளம்பரை அனுப்புவார். ஒழுகுகிற இடத்தை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு போடுவார்கள். பக்கத்துத் துண்டுக்கும் அதே வயசு, அடுத்து அதுதான் ஒழுகும். மொத்தமா சி.பி.வி.சி. போட்டால் துரு கிடையாது, கீசர் வெந்நீரும் தாங்கும். ஆனால் சுவரை உடைக்கணும், டைல்ஸ் போகும், கொத்தனார் கூலி வேற. "அவ்வளவு செலவுக்கு எங்கப்பா போறது?" என்கிறார் ஓனர்.

நியாயமான கேள்விதான். ஆனால் எங்க வருமான வரிப் பாடத்திலேயே பதில் இருக்கு. வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மிச்சத்தில் 30% கழித்துவிட்டுத்தான் வரி. ரிப்பேர், பராமரிப்புக்கான கழிவு அது. வருஷ வாடகை 1,20,000, சொத்து வரி 4,000 என்றால் 34,800 ரூபாய்க்கு வரி இல்லை. ரசீது வேண்டாம், ஒரு ரூபாய்கூட செலவு செய்யாவிட்டாலும் உண்டு!

அது மட்டுமில்லை மக்களே. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வேலைப் பிரிவினையே இருக்கு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு, தேவைப்படும்போது பைப் மாற்றுவது ஓனர் பொறுப்பு.

இதை அப்பாவிடம் சொன்னேன். "சட்டம் பேசினா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்கடா" என்றார். அவர் பயம் எனக்குப் புரியுது. 11 மாத அக்ரிமென்ட்டில் இருக்கிறவன் அடுத்தவர் சுவருக்குக் காசு போட மாட்டான். ஓனருக்கோ இவன் போனால் இன்னொருவன். நடுவில் பைப் துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கு.

அதனால் சண்டை வேண்டாம், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்போம். அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது வாடகை ஏறத்தான் போகுது. "ஏத்திக்கோங்க சார், இந்த வருஷத்துக்குள்ள பைப் லைனை மாத்தித் தர்றதா ஒரு வரி சேர்த்துடுங்க" என்று கேட்கலாமே. அடுத்த மாசம் எங்க அக்ரிமென்ட் முடியுது. அந்த வரியை எழுதி அப்பா கையில் கொடுத்திருக்கேன்.