மொட்டையும் நொண்டியும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு காலையில் கொல்லைப்புறத்தில் மண்சட்டியில் தண்ணீரும் தட்டில் பழைய சோறும் வைப்பது என் வேலை. மைனாக்கள் வரும். அதில் இரண்டை எனக்கு அடையாளம் தெரியும். ஒன்றுக்குத் தலையில் இறகு உதிர்ந்து மொட்டை. இன்னொன்றுக்கு ஒரு கால்விரல் மடங்கியிருக்கும்; நொண்டி என்று வீட்டம்மா பெயர் வைத்துவிட்டாள்.

நம்ம சிவகாசிப் பக்கம் தெரியுமே, தீபாவளிக்கு மட்டுமா வெடி? எங்காவது போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சத்தம் கேட்டதும் எல்லாம் பறந்துவிடும். முதலில் திரும்புவது எப்போதும் மொட்டைதான். நொண்டி வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்து, மற்றவை தின்று முடித்த பிறகே இறங்கும். கால் காரணமோ என்று நினைத்தேன். இல்லை, சுபாவமே அப்படி.

விலங்கியல் வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன். நெதர்லாந்தில் பட்டாணிக்குருவிகளைக் காட்டில் பிடித்து, ஓர் இரவு வைத்திருந்து, காலையில் ஐந்து செயற்கை மரங்கள் நிற்கும் அறையில் தனியாக விட்டார்கள். (நம்ம மலைப்பக்கம் இருக்கிற சாம்பல் பட்டாணிக்குருவிக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்.) முதல் இரண்டு நிமிடத்தில் எத்தனை தடவை பறக்கிறது, தாவுகிறது என்று எண்ணிக்கொண்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். சில குருவிகள் மரத்துக்கு மரம் தாவின. சில ஒரே கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. மறுபடி பிடித்துச் சோதித்தாலும் பெரும்பாலும் அதே குணம். குஞ்சுகளுக்கும் தாய் தகப்பன் சாயல் இருந்தது.

எது அதிக நாள் பிழைத்தது? அங்கேதான் விஷயம். நீல்ஸ் டிங்கமான்ஸே குழுவினரின் 2004 ஆய்வுப்படி, குளிர்காலத்தில் தீனி குறைந்த வருஷங்களில் வேகமான பெட்டைகளும் நிதானமான ஆண்களும் அதிகம் பிழைத்தன. பீச் மரம் நன்றாகக் காய்த்த வருஷம் அப்படியே தலைகீழ். தீனி நிறைய இருந்தால் நிறைய குருவி பிழைக்கும்; அப்போது இடம் பிடிக்க ஆண்களுக்குள் சண்டை, அதில் வேகக்காரன் ஜெயிப்பான். ஆக எந்தக் குணமும் ஒரேயடியாகத் தோற்பதில்லை. அதனால்தான் காட்டில் இரண்டும் இருக்கின்றன.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வகுப்பில் கை தூக்குகிறவன்தான் கெட்டிக்காரன். உங்களுக்கே தெரியும். 1993-ஆக இருக்கும், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். கேட்டால் பதில் வராது. எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதும். அதன் அப்பா வந்து, "சார், மேல படிக்க வைக்கலாமா?" என்று கேட்டார். "வாயே திறக்க மாட்டேங்குது, கஷ்டம்தான்" என்றேன். எனக்கு ஒரு நிமிஷப் பேச்சு. பத்தாம் வகுப்புக்கு அது வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போய்விட்டது.

போன மாதம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அதுவாகத்தான் வந்து பேசியது. "நீங்க நடத்துன மகரந்தச் சேர்க்கை அப்படியே ஞாபகம் இருக்கு சார். எம் பொண்ணுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். அது என் பஸ் இல்லை.

அம்மா, உன் பெயரை இங்கே போடவில்லை. யாராவது காட்டினால் உனக்குப் புரியும். தப்பு என்னுடையது.

மொட்டையைப் போன வாரம் பூனை பிடித்துவிட்டது. நொண்டி இப்போதும் கடைசியாகத்தான் இறங்குகிறது. அதற்கென்று தட்டில் கொஞ்சம் சோறு தனியாக வைக்கிறேன்.