கடல் கடக்க யாரைக் கேட்பது?

ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலே நின்று பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? பொருநையின் தென்கரையிலே, செம்மண்ணும் சரளைக் கல்லுமாகக் கிடக்கும் அந்த மேட்டை, 1876ஆம் ஆண்டிலே ஜாகோர் என்னும் செருமானியர் தோண்டினார். மட்கலங்கள், இரும்புக் கருவிகள், நம் முன்னோர் மண்டை ஓடுகள் அனைத்தையும் மூட்டை கட்டி, பெர்லின் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். செத்த தமிழன் கடல் கடந்தான்! அவனிடம் கடவுச்சீட்டு எங்கே என்று கேட்டவர் இல்லை.

உயிரோடிருக்கும் தமிழச்சியை மட்டும் கேட்கிறார்கள்.

நாம் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில் நம்மிடம் வரலாறு பயின்ற மாணவி ஒருத்தி. அந்தப் பரம்புக்கு அண்டைச் சிற்றூர்க்காரி. தந்தை பிறர் வாழைத் தோட்டத்திலே நாட்கூலி. பட்டம் பெற்றுவிட்டாள். செருமனி சென்று தொல்லியல் கற்க வேண்டும், பெர்லினில் உள்ள நம் ஊர்த் தாழிகளைப் பார்க்க வேண்டும் என்பது அவள் வேட்கை. விண்ணப்பத் தாள்களோடு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். தந்தையும் வந்தார்.

தந்தையின் முதற் கேள்வி பணத்தைப் பற்றியதன்று. "ஜாதகத்துல கடல் தாண்டுற யோகம் இருக்கான்னு பாக்கணும்லா, ஐயா?" என்றார்.

சிரிப்பதா, சினப்பதா? கடற்பயணத்தைச் சாதியை இழக்கச் செய்யும் பாவங்களின் வரிசையிலே வைத்தது போதாயன தருமசூத்திரம். கணித மேதை இராமானுசன் 1914 மார்ச் 17இல் சென்னையிலிருந்து கப்பலேறுமுன், கேம்பிரிட்ஜ் அழைத்தும் அன்னையின் இசைவுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்ன பிறகே அன்னை இசைந்தார் என்பார்கள். உலகம் போற்றிய அறிவுக்கு ஒரு கனவின் கையொப்பம் தேவைப்பட்டது! அன்று சாத்திரம் பாவமென்றது. இன்று சோதிடன் அதையே யோகமென்று விற்கிறான். சரக்கு மாறியது, கடை மாறவில்லை. இத்தனைக்கும் இதே பொருநையின் முகத்துவாரத்திலேதான் கொற்கை இருந்தது. முத்தேற்றிக் கலம் விட்ட பாண்டியன் எந்தக் கட்டம் பார்த்தான்?

ஒரு நாழிகை பேசினோம். ஜாதகத்தைத் தந்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை, அதை மறைப்பானேன்?

அடுத்து, அரசின் வாயில். கடவுச்சீட்டு தருவதும் மறுப்பதும் ஒரு காலத்தில் ஆட்சியாளரின் விருப்பம். அயல்நாடு செல்லுதல் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமையில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் உரைத்தது 1967இல்; சத்வந்த் சிங் வழக்கிலே. அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டமும் வந்தது. அறிஞர் அண்ணா கோட்டையேறிய ஆண்டும் அதுவே என்பதை நாம் பெருமிதத்தோடு நினைத்துக்கொள்கிறோம். ஆக, கடவுச்சீட்டு அவளுக்குப் பெருந்தொல்லை தரவில்லை.

தொல்லை தந்தது பணம். மாணவர் நுழைவிசைவுக்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் செருமனி விதித்தது. நம் பணத்தில் பதினோரு இலட்சத்துக்கும் மேல்! வாழைத்தார் சுமப்பவர் எங்கே போவார்?

நடுவணரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை நினைவுக்கு வந்தது. பட்டியல் வகுப்பினர், சீர்மரபினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கென்றே உள்ள திட்டம். ஆவலோடு விதிகளைப் புரட்டினோம். 2022ஆம் ஆண்டு விதிகளிலே ஒரு வரி இருந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய பாடங்களுக்கு இத்தொகை கிடையாதாம்!

இவற்றை இங்கேயே கற்கலாமே என்பது ஆள்வோர் தந்த விளக்கம். கற்கலாம்; ஆனால் பெர்லினில் இருக்கும் தாழி பாளையங்கோட்டைக்கு வருமா? சேரியிலும் குடிசையிலும் பிறந்தவர் பொறியியல் கற்கப் போகலாம். தம் முன்னோரைப் பற்றி, தம்மை ஒடுக்கிய சாதியைப் பற்றி, உலகப் பல்கலைக்கழகத்தில் ஆராயப் போகக்கூடாதா? சூத்திரக்காரனின் விலக்கு புது எழுத்தில் வந்திருக்கிறதோ என்று ஐயுறுகிறோம்.

"கிரேக்கத் தாழிகளைப் பற்றி என்று எழுதிவிடு, அம்மா" என்றார் உடனிருந்த நண்பர்.

"நம்ம தாழி பெர்லின்ல இருக்கும்போது, நான் எதுக்கு ஐயா கிரேக்கத்தைச் சொல்லணும்?" என்றாள் அவள்.

விண்ணப்பம் இன்னும் நம் மேசைமேலேதான் இருக்கிறது. பெயர், ஊர், தந்தையின் ஆண்டு வருமானம் எல்லாம் அவள் கையெழுத்தில் நிறைந்திருக்கின்றன. பாடம் என்று கேட்கும் இடம் மட்டும் வெறுமையாயிருக்கிறது.