நீரில்லா ஊரின் அகழி

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே கிண்டலாகச் சொல்வது உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், ராஜா இல்லாக் கோட்டை! இதில் வேடிக்கை என்னவென்றால், பாலாறு வெறும் மணலாய்க் கிடக்கும் மாதங்களிலும் கோட்டை அகழியில் பெரும்பாலும் தண்ணீர் நிற்கும்.

16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக் காலத்தில் எழுந்த கோட்டை இது. பரப்பு சுமார் 133 ஏக்கர். எதிரி நெருங்காமல் இருக்கத்தான் சுற்றிலும் அகழி. அதில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்த வேலூர்ப் பிள்ளை இருக்க முடியாது.

இங்கிலாந்திலும் ஆயிரக்கணக்கான பழைய அகழிகள் உண்டு. ஆனால் கதை வேறு. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே வசதியான நிலக்காரர்கள் வீட்டைச் சுற்றி அகழி வெட்டிக்கொண்டார்கள். பாதுகாப்பை விட கௌரவம்தான் பல இடங்களில் காரணம். வீடுகள் பல அழிந்துவிட்டன. புல் மூடிய பள்ளங்கள் மட்டும் இன்றும் வயல் நடுவே கிடக்கின்றன.

வேலூர் அகழியோ ரத்தத்தைப் பார்த்தது. 1806 ஜூலை 10 அன்று பொழுது விடியும் முன்பே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரையில் விரைந்து வந்த கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கிகள் வாசலைத் தகர்த்தன. அதன் பிறகு செத்தவர்கள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள். எதிரியைத் தடுக்க வெட்டிய அகழி, உள்ளே இருந்தவர்கள் தப்பவும் தடையாக நின்றது.

இன்று பகைவர் யாரும் இல்லை. ஆனால் 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அகழி என்றால் வெறும் பள்ளம் அல்ல. தண்ணீர் வரவும் வழி வேண்டும், போகவும் வழி வேண்டும். கல்லை மட்டும் காப்பாற்றினால் போதாது.

ஆற்றுக்கும் இதே நியாயம்தான். டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததை 1996-இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் சொன்னது.

பல காலம் சாமியில்லாமல் கிடந்த கோயிலில் 1981-இல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டது. கிண்டலில் ஒரு வரியை அன்றே அடித்தாகிவிட்டது. நீரில்லா ஆறு என்ற வரியை அடிப்பது எப்போது?