தங்கையின் லைசென்ஸ்

மாடம்பாக்கத்தில் எங்கள் வீடு தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் சரபேஸ்வரரைத் தரிசிக்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். மற்ற நாட்களில் மத்தியானத்துக்கு மேல் கோயில் தெரு காலியாகத்தான் கிடக்கும். 2012-ல் அந்தக் காலித் தெருவில்தான் நானும் என் தங்கையும் ஸ்கூட்டி பழகினோம். அவள் ஓட்ட, நான் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட, திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிகள் எல்லாம் ஒரே சிரிப்பு.

அப்புறம் இரண்டு பேரும் தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் எட்டுப் போட்டோம். அவள் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் காலை ஊன்றிவிட்டு இரண்டாம் தடவை போனேன். கைக்கு வந்த அட்டையில், எனக்கு ஐம்பது வயசு ஆகும்வரை செல்லும் என்று போட்டிருந்தது. இருபது வருஷம் அல்லது ஐம்பது வயசு, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை என்பது அப்போதைய சட்டம். (2019 செப்டம்பருக்கு அப்புறம் அதை மாற்றிவிட்டார்கள். முப்பதிலிருந்து ஐம்பது வயசுக்குள் எடுத்தால் இப்போது பத்து வருஷம்தான்.) அட்டையை வாங்கிப் பர்சில் வைத்தேன். அதில் இருக்கும் தேதியைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய விஷயம் அது என்பதே தங்கை வீட்டுக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

தங்கை கல்யாணமாகி 2016-ல் அமெரிக்கா போனாள். டெக்சாஸ் மாநிலத்தில் ஃபிரிஸ்கோ என்று ஊர். டல்லாஸுக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர். அவள் வீட்டுக்காரருக்கு எச்-1பி என்கிற வேலை விசா, இவளுக்கு அவரோடு ஒட்டிய எச்-4 விசா. முதல் பிரசவத்துக்கு 2018-லும், இரண்டாவதற்கு 2022-லும் நான் போனேன். அம்மாவுக்கு மூட்டுவலி, அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது. சீர் முறுக்கு முதல் பிரசவ லேகியம் வரை கட்டிக்கொண்டு நான்தான் கிளம்பினேன்.

அங்கே போய் இறங்கின முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. அந்த ஊரில் கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. இங்கே ராஜகீழ்ப்பாக்கம் போக வேண்டுமா, தெருமுனையில் நின்றால் ஷேர் ஆட்டோ. தாம்பரம் போகவும் அப்படியே. ஃபிரிஸ்கோவில் நின்று ஏறிப்போக டவுன் பஸ் கிடையாது. பால் வாங்குகிற கடை நடக்கிற தூரமில்லை. கோடையில் நூறு டிகிரிக்கு மேல் வெயில், நம்ம கத்திரி தோற்றுவிடும். அங்குள்ள காரிய சித்தி அனுமார் கோயிலுக்குப் போவதானாலும் காரில்தான் போக வேண்டும்.

அதனால் தங்கை போன மறு வருஷமே லைசென்ஸ் எடுத்துவிட்டாள். எழுத்துப் பரீட்சையில் முப்பது கேள்வி, இருபத்தொன்று சரியாக இருக்க வேண்டும். அதில் கஷ்டமில்லை. ஓட்டிக் காட்டுகிற பரீட்சையில்தான் முதல் தடவை போய்விட்டாள். இரண்டு காருக்கு நடுவில் பின்னால் எடுத்து நிறுத்துவதெல்லாம் நன்றாகவே செய்தாளாம். 'ஸ்டாப்' பலகை இருந்த ஒரு முனையில், எதிரே ஒரு ஈ காக்காய் இல்லை என்று மெதுவாக உருட்டிக்கொண்டு தாண்டிவிட்டாள். யாரும் இல்லாவிட்டாலும் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும். "நம்ம ஊர்ல யாருமே இல்லாத முனையில வண்டியை நிறுத்தினா, பெட்ரோல் தீர்ந்துபோச்சான்னு கேப்பாங்க, இல்லையாக்கா?" என்றாள். அதே போல, பள்ளிக்கூட பஸ் சிவப்பு விளக்குப் போட்டு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்க வண்டிகளும் நின்றாக வேண்டும். தாண்டிப் போனால் அபராதம் 500 டாலரிலிருந்து ஆரம்பம். இந்த ஒரு சட்டத்தை மட்டும் நம்ம வேளச்சேரி ரோட்டுக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு புண்ணியம்!

பெயர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தானே? பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அவள் விசா எடுத்தாள். அமெரிக்கக்காரர்கள் அவளுடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்கும் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். லைசென்ஸிலும் அதுவே வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து "ஃபனூ, ஃபனூ" என்று கூப்பிடுகிறாள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பெண்ணை வெளிநாடு அனுப்புகிற தாய்மார்கள், பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரையோ வீட்டுக்காரர் பெயரையோ அந்தக் கட்டத்தில் நிரப்பிவிடுவது நல்லது.

இப்போது தேதிக்கு வருகிறேன். அந்த மாநிலத்தில் குடிமக்களுக்கு லைசென்ஸ் எட்டு வருஷம் செல்லும். தங்கை மாதிரி விசாவில் இருக்கிறவர்களுக்கு, அவர்கள் நாட்டில் தங்க அனுமதி எந்தத் தேதியில் முடிகிறதோ அந்தத் தேதிவரைதான். 'லிமிடெட் டெர்ம்' என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். 2005-ல் வந்த ரியல் ஐடி என்ற சட்டத்தின்படி இது நாடு முழுக்கப் பொதுவான வழக்கம். விசாவை நீட்டித்ததற்கான தாளைக் காட்டினால்தான் அட்டையையும் நீட்டிப்பார்கள். கட்டணம் மட்டும் எட்டு வருஷக்காரருக்கும் இவளுக்கும் ஒன்றே, 33 டாலர்.

விசாவோ, வீட்டுக்காரர் வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று மூன்று வருஷமாக அவருடைய கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு ஒரு தாள், மனைவிக்குத் தனியாக ஒரு தாள். 2019 செப்டம்பரோடு முதல் தவணை முடிந்தது. அந்த வருஷம் மார்ச்சிலிருந்து மனைவிமார்கள் எல்லாரும் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும் என்று ஒரு புது விதி வந்திருந்தது. அவருடைய தாள் கூடுதல் பணம் கட்டினதால் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. இவள் கைரேகைக்குக் காத்திருந்து, அப்புறம் தாளுக்குக் காத்திருந்து ஐந்து மாதம் ஓடிப்போனது. மூத்தவளுக்கு அப்போது ஒரு வயசு. டிசம்பர் குளிரில் குழந்தைக்குக் காது வலி, ஜுரம். அவர் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கம்பளியைப் போர்த்தி, ஒன்றரை மைல் நடந்தே கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். வீட்டு வாசலில் கார் சும்மா நிற்கிறது! அன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணி அழுதாள். நான் என்ன செய்ய? இங்கிருந்து கொண்டே ஒருபாடு அழுதேன்.

2022 ஜூனில் நான் போகும்போது அவளுக்கு எட்டாம் மாதம். அடுத்த தவணை செப்டம்பர் 30. துபாயில் விமானம் மாறுகிற இடத்தில் என் நாத்தனாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே பத்து வருஷமாக இருக்கிறாள். "எங்களுக்கும் அதே கதைதான் அண்ணி. புதுசா எடுத்தா முதல்ல ரெண்டு வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷம். அந்த ஊர்க்காரங்களுக்குப் பத்து. ஆனா பாடத்தையும் பரீட்சையையும் தமிழ்லயே வெச்சிருக்காங்க, அது ஒரு வசதி" என்றாள். பக்கத்தில் சவூதியில் 2018 ஜூன் 24 வரை எந்தப் பெண்ணுமே, அந்த நாட்டுக்காரியாக இருந்தாலும், காரோட்ட முடியாது என்பதையும் அவள்தான் நினைவுபடுத்தினாள்.

ஜூலைக் கடைசியில் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை, எடை பார்க்க ஒரு தடவை, இரண்டு மாதம் முடிந்ததும் தடுப்பூசிகள் என்று கிளினிக்குக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. தம்பிக்கு, அதாவது தங்கை வீட்டுக்காரருக்கு, இரண்டு வாரந்தான் லீவு. அதன் பிறகு எல்லா ஓட்டமும் தங்கைதான். மூத்தவளைப் பள்ளியில் விடுவதும் அவளேதான். என்னிடம் இருப்பதோ கியர் இல்லாத இரண்டு சக்கர லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு அங்கே என்ன பண்ணுவது?

கைரேகை விதியை 2021 மே மாதம் நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆனாலும் இவளுடைய தாள் வரவில்லை. காலாவதியாவதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் போடலாம், கம்பெனிக்காரர்கள் கடைசி மாதம் வரை இழுத்துவிட்டார்கள். செப்டம்பர் 30 வந்தது. அக்டோபர் மூன்றாம் தேதி தடுப்பூசிக்கு நாள் குறித்திருந்தார்கள். தம்பிக்கு அன்று கண்டிப்பாக ஆபீஸ். தங்கை சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு மைல்தாங்கா. இத்தனை வருஷமா ஓட்டுறேன். நேத்து வரைக்கும் ஓட்டத் தெரிஞ்சவளுக்கு இன்னைக்கு மறந்துடுமா?"

நியாயமான கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் யாராவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரன் தகராறு பண்ணுவான். போலீஸ் நிறுத்திச் சீட்டுக் கொடுத்தால் அது பதிவாகும். விசாவில் இருக்கிறவர்களுக்கு அந்தப் பதிவு பின்னால் எங்கே வந்து தலைகாட்டுமோ? "வேண்டாம்டி, குழந்தையை வெச்சுக்கிட்டு வேண்டாம்" என்று சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எதிர் வீட்டில் ஒரு தெலுங்குப் பெண். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவளும் போன வருஷம் இதே மாதிரி நாலு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தாளாம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரில் போக அங்கே சட்டம் இடம் கொடுக்காது. அதற்கென்று ஒரு ஆசனத்தில், பின்பக்கம் பார்த்தபடி, வாரால் கட்ட வேண்டும். எங்கள் காரிலிருந்து அதைக் கழற்றி அவள் காரில் மாட்டவே அரை மணி ஆனது. மூன்று பெண்களும் வியர்த்து விறுவிறுத்துப் போனோம். குழந்தை ஊசி போட்டதும் வீல் என்று ஒரு கத்தல் கத்திவிட்டு, வரும் வழியெல்லாம் தூங்கிவிட்டான்.

மூன்று வாரம் அந்தப் பெண்ணும் இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்களும் முறை வைத்துக்கொண்டு மூத்தவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். நான் பதிலுக்கு அவர்களுக்கு அடை வார்த்துக் கொடுத்தேன், புளிக்காய்ச்சல் கிளறிக் கொடுத்தேன்.

அக்டோபர் கடைசி வாரம் தாள் வந்தது. முன்கூட்டியே நேரம் பதிந்துகொண்டு லைசென்ஸ் ஆபீசுக்குப் போனோம், குழந்தையோடு நானும். பாஸ்போர்ட், விசா நீட்டித்த தாள், வீட்டு விலாசத்துக்கு இரண்டு சாட்சிக் காகிதம். இந்த இரண்டாவது சாட்சிதான் நம் பெண்களுக்குத் தகராறு. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், எல்லாம் கணவர் பெயரில் இருக்கும். தங்கை 2017-லேயே பட்டுத் தெரிந்துகொண்டு, ஒப்பந்தத்திலும் பாங்க் கணக்கிலும் தன் பெயரைச் சேர்த்து வைத்திருந்தாள். வேலை செய்ய அனுமதி இல்லாத மனைவிக்கு அந்த நாட்டின் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடைக்காது. சில மாநிலங்களில் அது இல்லை என்பதற்கே ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்வார்கள்.

கவுன்டரில் இருந்த அம்மாள் கம்ப்யூட்டரில் தட்டினார். மத்திய அரசின் குடியேற்றப் பதிவில் சரிபார்க்கிற ஏற்பாடு அது, 'சேவ்' என்று பெயர். சில சமயம் உடனே சரியாகிவிடும், சில சமயம் இன்னொரு தடவை சரிபார்க்க நாள் கணக்கில் ஆகும். நான் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு தேனுபுரீஸ்வரரை வேண்டிக்கொண்டிருந்தேன். சரியாகிவிட்டது. அன்றே ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தார்கள், அட்டை தபாலில் வந்தது. வெளியே வந்ததும் நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள்.

நான் ஊர் திரும்பின பிறகு, 2023 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கில் சமரசம் ஏற்பட்டு, கணவர் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தால் மனைவியின் தாளையும் கூடவே பார்ப்பது என்று ஆனது. இரண்டு வருஷத்துக்கான ஏற்பாடு அது, 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. 2025 செப்டம்பர்த் தவணைக்குத் தங்கை மார்ச்சிலிருந்தே கம்பெனியைக் கேட்கச் சொல்லி வீட்டுக்காரரை நச்சரித்தாள். இரண்டு தாளும் பத்து நாள் வித்தியாசத்தில் வந்தன. புது அட்டையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். 2028 வரை கவலையில்லை.

போகிறவர்கள் இங்கேயே காரும் பழகி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போனால், நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆயிரம் ரூபாய் கட்டிச் சர்வதேச அனுமதிப் புத்தகம் வாங்கலாம். ஒரு வருஷம் செல்லும். அதைத் தனியாகக் காட்டினால் போதாது, நம் லைசென்ஸும் கூட இருக்க வேண்டும். ஆனாலும் அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தே ஆகவேண்டும். டெக்சாஸில் தொண்ணூறு நாள்தான் கெடு.

என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். 2029 வரை இருக்கிறது. அதுவும் இரண்டு சக்கரத்துக்குத்தான். எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஆறரைக்கு முதல் வகுப்பு.