காற்றும் கணிப்பொறியும்

குடமுருட்டி பாயும் வலங்கைமான் எனது ஊர். நெல்லே எங்கள் செல்வம். அதனை அவித்து அரிசியாக்கும் ஆலைகளே எம்மவர் பலருக்குச் சோறு. ஆயின் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசித் திங்களில், ஓர் ஆலையின் உமிப்புகை எங்கள் தெருவின் வழக்காயிற்று. சுபுஹு தொழுகைக்கு எழும் என் தாயார் மூச்சிரைப்பால் வருந்தினார். கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணியில் கரித்துகள் படிந்தது.

தெருப் பெரியவர்கள் வீடு தேடி வந்தனர். "தம்பி, கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றனர். ஆலை உரிமையாளரோ அயலார் அல்லர். ஏழை மாணவர் பலருக்குக் கல்விக் கட்டணம் செலுத்துபவர். எழுதவும் தயங்கினேன், எழுதாதிருக்கவும் மனம் இடந்தரவில்லை.

பொறியியல் பயிலும் என் மகன், "அத்தா, புகைன்னு மட்டும் எழுதுனா யாரு கேப்பா? எவ்வளவுன்னு கணக்கோட எழுதுவோம்" என்றான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விலையின்றி வழங்கும் 'ஏர்மாட்' என்னும் மென்பொருளை வீட்டுக் கணிப்பொறியில் நிறுவினான். புகைபோக்கியிலிருந்து எழும் மாசு எத்திசையில், எத்தொலைவில், எவ்வளவு படரும் என்று கணிப்பது அது. படங்களோ பொத்தான்களோ இல்லை. கறுப்புத் திரையும் எழுத்துகளுமே. ஒரு பகுதியின் முடிவுச் சொல்லை விட்டதால் முதல் ஓட்டம் பிழையென நின்றது. ஒற்று விடுபட்டால் பொருள் கெடும் என்று வகுப்பில் கூறும் எனக்கு அது வியப்பளிக்கவில்லை. பிறகு, முகமையே தரும் மாதிரிக் கணக்குகளை ஓட்டி, அவர்தம் விடையோடு ஒப்பிட்டோம், பொருந்தின.

காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்பதைப் பாகைகளில் கேட்கிறது அம்மென்பொருள். நம் முன்னோரும் காற்றுக்கு அது வரும் திசையால் அன்றோ பெயரிட்டனர்! வாடை 360, கொண்டல் 90, தென்றல் 180, கோடை 270 என்று நான் சொல்ல, மகன் சிரித்தான்.

விடை வந்தது. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களுக்கு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று 2009இல் இந்திய அரசு வகுத்த வரம்பை எங்கள் எண் தாண்டியது. மகன் மகிழ்ந்தான். எனக்கோ ஐயம். புகைபோக்கியின் உயரம் கண்ணளவு; நொடிக்கு வெளியேறும் துகளின் எடை வெறும் ஊகம்; காற்றோ திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் பதிவானது. துகளின் எடையைப் பாதியாக்கச் சொன்னேன். விடையும் பாதியாகி வரம்புக்குள் அடங்கியது. ஒரே ஆலை, ஒரே புகை. முன்னர்க் குற்றவாளி, பின்னர் நிரபராதி!

மற்றொன்றும் கண்டோம். காற்றே அசையாத மணி நேரங்களை அம்மென்பொருள் கணக்கிடாது விலக்கிவிடுகிறது. என் தாயார் இருமும் வைகறையோ பெரும்பாலும் அத்தகைய பொழுதே. ஆகவே அந்த எண், ஆலைக்காரர்க்கும் நீதி செய்யவில்லை. என் தாயார்க்கும் நீதி செய்யவில்லை.

இத்தகைய கணிப்புமுறைகளைச் சோதிக்க அறிஞர் கையாண்ட வழி வேறு. 1956இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், நம் வயல்வெளி போன்ற சமநிலத்தில் வாயுவை அளந்து வெளியேற்றி, 50 முதல் 800 மீட்டர் வரை ஐந்து வளைவுகளில் கருவிகளை நிறுத்தி அளந்தனர். கணிப்பை அளவையோடு ஒப்பிட்ட பின்னரே நம்பினர். எங்களிடம் கணிப்பு இருந்தது, அளவை இல்லை.

மனுவில் அந்த எண்ணை எழுதவில்லை. துகள் படிந்த நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை ஒரு திங்கள் குறித்து இணைத்து, முறைப்படி அளந்தறிய வேண்டினேன். அனுப்புமுன் ஆலை உரிமையாளரிடமே படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அளக்கட்டும் சார். இருந்தா சரி பண்ணிடுவோம்" என்றார்.

மாணவச் செல்வங்களே, கணிப்பொறி தரும் எண்ணும் ஒரு சாட்சியமே. அதை அவையில் வைக்குமுன், அது எதைக் கண்டது, எதைக் காணவில்லை என்று கேட்டறிவது கற்றவர் கடன்.