அழுகையும் ஒரு மொழியே

எனக்கு எட்டு வயது. கைக்குழந்தையான தம்பியின் தொடையிலிருந்த கட்டியை மரத்துப்போகும் ஊசி போடாமலே கீறினார்கள். காலைப் பிடித்துக்கொண்டவன் நான். "பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாதும்மா" என்றார்கள். எழுத்தறியாத என் அம்மா, "தெரியாமலா இப்படித் துடிக்குது?" என்றாள். பதில் இல்லை.

விலங்கியல் மாணவனான பின்பே அதற்கு விடை கண்டேன். ஒரு காலத்தில் மேலை நாடுகளிலும் சிசுக்களுக்குப் போதிய வலிநீக்கி தராமல் அறுவை செய்தார்கள். இந்தூரில் மருத்துவம் பயின்ற கே. ஜே. எஸ். ஆனந்த், ஆக்ஸ்போர்டில் குறைமாதக் குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார். அறுவையின்போது ஃபென்டனில் என்னும் வலிநீக்கி பெற்ற குழந்தைகளுக்கு அதிர்ச்சிச் சுரப்புகள் குறைந்தன. பின்வரும் சிக்கல்களும் குறைந்தன. 1987-இல் 'லான்செட்' இதழ் இதை வெளியிட்டது. மருத்துவ வழக்கம் மாறலாயிற்று. ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்தாலே சிசுவின் வலி தணியும் என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

நண்பர்களே, தம்பியின் கட்டியைக் கீறியபோது அந்தக் கட்டுரைக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். அது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. அம்மாவின் சொல்லோ அருகிலேயே இருந்தது, கேட்பாரில்லை. கண்டுபிடிப்பது அறிஞர் கடமை. அதை ஊருக்குக் கொண்டு சேர்ப்பது, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் கடமை. அன்று காலை இறுகப் பிடித்த கைகளுக்கு அதுவே கழுவாய்.