புகார் கொடுத்த பிறகு

எங்கள் பொம்மையார்பாளையத்தில் புருஷன் அடித்தால் பேச்சு முதலில் ஊர்ப் பஞ்சாயத்துக்குத்தான் போகும். அதைத் தாண்டி மகளிர் காவல் நிலையப் படியேறும் அக்கா தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தெரிந்த அக்கா ஒருவர் அதை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். மறுபடி அடி விழுந்தபோது, அந்த எண்ணைச் சொன்னதும் பழைய மனுவை எடுத்தார்கள். வழக்குப் பதிந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். இரு தரப்பையும் கூப்பிட்டு சமாதானம் பேசுவார்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, அடித்தது யாரென்று சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

போலீஸோடு முடிவதில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். வீடு புருஷன் பேரில் இருந்தாலும் அங்கே வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் ஓராண்டு வரை சிறை.

புகார் கொடுத்த அன்று இரவு தனியாக இருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐ எந்நேரமும் கூப்பிடலாம். அக்கம்பக்கத்தாரே, சத்தம் கேட்டால் 'அவங்க குடும்ப விஷயம்' என்று இருந்துவிடாமல் கதவைத் தட்டுங்கள்.